திட்டிக்கொண்டே கேட்கிறார்கள்: ஜோ பிராலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக்கு வேலைக்கு வந்த தமிழர்களின் காதில் முதல் கோடையிலேயே ஒரு பெயர் விழுந்துவிடும். திங்கட்கிழமை காலை, அலுவலகச் சமையலறையில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில், "பிராலி பேசியதைக் கேட்டாயா?" என்று ஒருவர் தொடங்குவார். "அந்த ஆள் பேச்சை நான் கேட்பதே இல்லை" என்பார் இன்னொருவர். அடுத்த நிமிடமே பிராலி பேசியதை வரிக்கு வரி ஒப்பித்து மறுப்பார். நடுவில் கோப்பையுடன் விழித்துக்கொண்டு நின்ற நம்மவர்கள் பிறகு என்னிடம் கேட்ட சந்தேகங்கள்தாம் இவை. ஒரே கேள்விக்கு ஐந்தாறு முறை பதில் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

கேலிக் கால்பந்து என்பது கால்பந்தா, ரக்பியா? பார்த்தால் இரண்டும் கலந்தது போல இருக்கிறதே?

இரண்டும் இல்லை. பெயரில் இருக்கும் கேலிக்கும் நம் கேலிக்கும் உறவு கிடையாது. பிராலி விஷயத்தில் மட்டும் உண்டு என்று சிலர் சொல்வார்கள். அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. அதற்குள் தரையில் ஒரு தட்டுத் தட்டி எடுக்க வேண்டும். அல்லது பாதத்தின் மேல் போட்டுத் தானே தன் கைக்கு உதைத்துக்கொள்ள வேண்டும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. சட்டத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. 2025 முதல், 40 மீட்டர் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி. 1-14 என்று எழுதியிருந்தால் ஒரு கோலும் 14 புள்ளியும், ஆக 17.

1884இல் தர்லஸ் என்ற ஊரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் (ஜிஏஏ) இதை நடத்துகிறது. தீவு முழுவதிலும் 32 கவுன்டிகள் உண்டு, நம் மாவட்டங்கள் போல. கவுன்டிக்கு ஓர் அணி என்பது கணக்கு. இறுதிப்போட்டி டப்ளினில் உள்ள குரோக் பார்க்கில் நடக்கும். 82,300 பேர் கொள்ளும் இடம் அது. இவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதி சண்டைகளுக்கு அதுதான் வேர்.

சரி, இந்த ஜோ பிராலி யார்?

வட அயர்லாந்தில் டெரி கவுன்டியின் டங்கிவன் என்ற சிற்றூரில் 1969இல் பிறந்தவர். டெரி அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். பெல்ஃபாஸ்டில் வழக்கறிஞர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அயர்லாந்தின் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஇயில் ஆட்ட விமர்சகர். பத்திரிகைப் பத்தியாளர். இப்போது டையன் ஃபேனிங் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து 'ஃப்ரீ ஸ்டேட்' என்ற பாட்காஸ்ட் நடத்துகிறார்.

உண்மையிலேயே நன்றாக ஆடியவரா, இல்லை வாயால் வளர்ந்தவரா?

ஆடியவர்தான். இதில் சந்தேகமே வேண்டாம். 1993 செப்டம்பரில் டெரி கார்க்கை 1-14க்கு 2-8 என்று வென்று அனைத்து அயர்லாந்துப் பட்டத்தை எடுத்தது. அந்தக் கவுன்டி தன் வரலாற்றில் வென்ற ஒரே பட்டம் அது. அந்த அணியில் பிராலி இருந்தார். 1996, 1997 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த பதினைந்து பேரில் ஒருவராக 'ஆல் ஸ்டார்' விருது பெற்றார். 1997இல் அவருடைய டங்கிவன் கிளப் அல்ஸ்டர் மாகாணப் பட்டத்தை வென்றது.

ஆனால் டெரியின் அந்த அணியைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் முதலில் சொல்லும் பெயர் அவருடையதாக இருக்காது. நடுக்களத்தை ஆண்ட ஆன்டனி டோஹில், தலைவர் ஹென்றி டௌனி என்றுதான் தொடங்குவார்கள். பிராலியின் வகை வேறு. மூலையில் நிற்பார், மெலிந்த உடம்பு, பின்காவலர் ஒரு கணம் அசந்தால் போதும். சட்டத்துக்கு மேலே அடித்து ஒரு புள்ளி வாங்கும் இடத்திலும் கோலுக்குப் போகும் துணிச்சல் இருந்தது.

கோல் அடித்துவிட்டு முத்தம் விடுவாராமே?

ஆம், எதிரணி ரசிகர்கள் பக்கம் பார்த்து. 1998 அல்ஸ்டர் இறுதிப்போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குளோனிஸ் மைதானத்தில் டெரியும் டோனிகாலும். புள்ளி வறண்ட ஆட்டம். முடியப்போகும் தறுவாயில் டோனிகால் முன்னணியில் இருக்கிறது. பந்து பிராலியிடம் வருகிறது. கோல் காப்பாளரைத் தாண்டி வலைக்குள். 1-7க்கு 0-8, டெரிக்குப் பட்டம். உடனே கையை உதட்டில் வைத்து, அரங்கத்தை நோக்கி முத்தங்களை அள்ளி வீசிக்கொண்டே ஓடினார்.

இதை இன்று கேட்டால் சிரிப்பாக இருக்கும். கேலிக் ஆட்டத்தின் பழக்கம் தெரிந்தால்தான் அது எவ்வளவு பெரிய சீண்டல் என்று புரியும். இங்கே கோல் அடித்தவர் தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குத் திரும்பி ஓடுவார். அடித்ததற்குக் கொண்டாட்டம் ஆடுவது, பக்கத்து ஊர்க்காரன் எதிரில் பணத்தை எண்ணிக் காட்டுவது போன்ற காரியம். பிராலி அதைத் தெரிந்தே செய்தார். பிற்காலத்தில் ஒலிவாங்கியின் முன்னால் அவர் செய்ததும் இதுவேதான் என்பது என் கட்சி.

சம்பளம் இல்லை என்றீர்களே, பிறகு ஏன் ஆடுகிறார்கள்?

பிறந்த ஊருக்காக ஆடுகிறார்கள். பயணப்படி உண்டு, அரசு தரும் ஒரு சிறு உதவித்தொகை உண்டு, அவ்வளவுதான். பெரும்பாலும் வளர்ந்த கவுன்டிக்கே ஆடுவார்கள்; வாங்கி விற்கும் சந்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை உங்கள் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் நடத்துவார், அல்லது உங்கள் வரிக் கணக்கைச் சரிபார்ப்பார். பிராலியும் ஆடிய காலத்திலேயே வழக்கறிஞர் தொழிலைப் பார்த்தவர்தான்.

இதில் ரசிகர்கள் அடிக்கடி சுட்டும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆடுகிறவனுக்குக் காசில்லை, ஆடியதைப் பற்றிப் பேசுகிறவனுக்குக் காசு. பிராலியைப் பிடிக்காதவர்கள் முதலில் எறியும் கல் இது. பத்தி எழுதுகிற, தொலைக்காட்சியில் உட்கார்கிற, பாட்காஸ்ட் நடத்துகிற எல்லா முன்னாள் வீரர்கள் மேலும் இந்தக் கல் விழும். ஆனால் அவர் மேல்தான் பலமாக விழுகிறது. காரணம், பணம் இந்த ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று எல்லாரையும்விட உரக்கக் கத்துகிறவர் அவர்.

தொலைக்காட்சியில் அப்படி என்னதான் செய்தார்?

'தி சண்டே கேம்' என்பது ஞாயிறு ஆட்டங்களை ஒளிபரப்பும் ஆர்டிஇ நிகழ்ச்சி. நடுவில் தொகுப்பாளர் மைக்கேல் லிஸ்டர். சுற்றிலும் மூன்று நாற்காலிகள்: கெரியின் பாட் ஸ்பிலேன், மீத்தின் காலம் ஓரூர்க், டெரியின் பிராலி. ஸ்பிலேனிடம் எட்டு அனைத்து அயர்லாந்துப் பதக்கங்கள், ஓரூர்க்கிடம் இரண்டு, பிராலியிடம் ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு வைத்திருப்பவரை மடக்குவதுதான் நிகழ்ச்சியின் சுவை. நீதிமன்றப் பழக்கம் இருந்ததால் அவர் ஆட்டத்தை விவரிக்க மாட்டார், குற்றப்பத்திரிகை வாசிப்பார்.

மூவரும் கத்திக்கொள்வதைப் பார்க்கவே பல வீடுகளில் ஆட்டம் முடிந்த பிறகும் தொலைக்காட்சியை அணைக்க மாட்டார்கள். தந்திர வியூகங்களை அம்புக்குறி போட்டு விளக்கும் புதிய தலைமுறை விமர்சகர்கள் வந்தபிறகு, இந்த மூவரும் ஆட்டத்தைப் பற்றி எதுவும் கற்றுத் தரவில்லை, சத்தம்தான் போட்டார்கள் என்று இளைய ரசிகர்கள் குறைபட்டார்கள். அந்தக் குறையில் பாதி உண்மை. மறு பாதி என்னவென்றால், அம்புக்குறி போட்டவர்கள் சொன்னது ஒன்றும் திங்கட்கிழமை வரை யாருக்கும் நினைவில் இருந்ததில்லை.

ஷான் கேவனா விவகாரம் என்ன? யார் பக்கம் நியாயம்?

இது இல்லாமல் பிராலியைப் பற்றிய எந்தப் பேச்சும் முடியாது. 2013 ஆகஸ்டில் குரோக் பார்க்கில் டைரோனும் மோனஹனும் காலிறுதி ஆடின. மோனஹனின் கானர் மக்மேனஸ் பந்தோடு கோலை நோக்கிப் பாய்கிறார். எதிரில் காப்பாளர் மட்டும்தான். பின்னாலிருந்து வந்த டைரோனின் ஷான் கேவனா அவரை ரக்பியில் போலக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்த்தார். அன்றைய விதிப்படி மஞ்சள் அட்டை, ஒரு ஃப்ரீ கிக், அவ்வளவே தண்டனை. டைரோன் வென்றது.

ஆட்டம் முடிந்ததும் பிராலி வெடித்தார். இது அழுகிய தந்திரம், வெட்கக்கேடு என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நாடே கைதட்டியிருக்கும். கேவனா அருமையான ஆட்டக்காரர்தான், ஆனால் ஓர் ஆண்மகன் என்ற கணக்கில் அவரை மறந்துவிடலாம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் கூடுதலாக வந்தது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்றும் பேசுகிறார்கள். அன்றைய கேவனா யார்? மூன்று அனைத்து அயர்லாந்துப் பட்டம் வென்றவர், 2008இன் சிறந்த வீரர், தொழிலால் கணக்காளர். சம்பளம் வாங்காமல் ஆடிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிற ஒருவரை, சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் நாட்டின் முன்னால் மனிதனே இல்லை என்பதா? மேலே சம்பளம் பற்றிச் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

என் தீர்ப்பு இரண்டு துண்டு. தந்திரத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. அந்த வகைத் தவறுக்கு, ஆட்டக்காரரை வெளியே அனுப்பும் கறுப்பு அட்டை என்ற தண்டனையைச் சங்கம் அதே ஆண்டு முன்னதாகவே ஏற்றுக்கொண்டிருந்தது, 2014 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வரவிருந்தது. அதாவது கேவனா செய்தது, கதவு மூடப்போகும் கடைசி மாதங்களில், விதி அனுமதித்த கெட்ட காரியம். ஆகவே கோபம் விதியின் மேல் போயிருக்க வேண்டும். மனிதன் மேல் போனது பிழை. டைரோன்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. கேவனாவே பின்னாளில் அதே ஆர்டிஇயில் விமர்சகராக வந்து அமர்ந்தார் என்பது தனிக் கதை.

யாரோ ஒருவரின் முகத்தைக் கேலி செய்து மாட்டிக்கொண்டாராமே?

2015இல். கேவன் அணியின் ஆட்டம் அருவருப்பானது என்று சொல்லவந்தவர், மார்ட்டி மோரிசியைப் போல அழகற்றது என்று உவமை போட்டுவிட்டார். மோரிசி அதே தொலைக்காட்சியின் வர்ணனையாளர், நாடே விரும்பும் மனிதர். புகார்கள் குவிந்தன, பிராலி மன்னிப்புக் கேட்டார். இதில் வாதாட ஒன்றும் இல்லை. அவருடைய தீவிர ரசிகர்கள்கூட இதற்கு வக்காலத்து வாங்குவதில்லை.

அவர் கணிப்பு பலித்ததே இல்லை என்கிறார்கள். அவ்வளவு மோசமா?

எல்லா விமர்சகர்களின் கணிப்பும் ஏறக்குறைய அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால் மற்றவர்கள் "கெரிக்கு வாய்ப்பு சற்றுக் குறைவு" என்பார்கள். பிராலி, கெரியில் வீரர்களை உற்பத்தி செய்யும் ஆலையே மூடிவிட்டது என்பார். 2014இல் அதைத்தான் சொன்னார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் கெரி இறுதிப்போட்டிக்கே வந்து, டோனிகாலை 2-9க்கு 0-12 என்று வென்றது. டோனிகால் காப்பாளர் பால் டர்கன் தவறாக உதைத்த பந்தைப் பறித்துக் கோலாக்கியவர் கீரன் டானஹி. ஆறடிக்கு மேல் உயரம், அந்தப் பருவத்தில் பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். ஆட்டம் முடிந்து புல்தரையிலேயே பேட்டி. மூச்சு இரைக்கிறது. ஒலிவாங்கியை நீட்டியதும், "ஜோ பிராலி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார். நாடு முழுக்கச் சிரித்தது. கெரிக்காரர்களிடம் பிராலி பெயரை எடுத்தால் இன்றும் இந்த வரிதான் பதிலாக வரும்.

எனக்கு இதில் வேறொன்று தோன்றும். வென்ற கணத்தில், தாயை நினைக்கலாம், பயிற்சியாளரை நினைக்கலாம். டானஹிக்கு நினைவில் வந்தது, மாதக்கணக்கில் காதில் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு விமர்சகரின் குரல். பிராலியின் சொல் எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆர்டிஇ அவரை ஏன் விலக்கியது?

2019 இறுதிப்போட்டி. டப்ளின் தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்கு ஆடுகிறது. அதுவரை யாரும் செய்யாதது. எதிரில் கெரி. நடுவர் டேவிட் காஃப் டப்ளினில் வசிப்பவர் என்று ஆட்டத்துக்கு முன்பே கெரி பக்கத்திலிருந்து பேச்சுக் கிளம்பியிருந்தது. முதல் பாதியில் டப்ளினின் ஜானி கூப்பர், கெரியின் டேவிட் கிளிஃபர்டைத் தடுத்ததற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். இடைவேளையில் பிராலி, கெரி செய்த பிரசாரம் நடுவரைப் பாதித்துவிட்டது என்ற பொருளில் கடுமையாகப் பேசினார். ஆட்டம் 1-16க்கு 1-16 என்று சமனில் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் டப்ளின் வென்றது. அன்று அந்த நாற்காலியில் பிராலி இல்லை. அதன்பிறகு திரும்பவும் இல்லை.

ரசிகர்கள் இதில் இரண்டு கட்சி. நடுவரின் நேர்மையைத் தொட்டபிறகு வேறு வழியில்லை என்பது ஒன்று. இத்தனை ஆண்டுகளாக இப்படிப் பேசியதற்காகவே வைத்திருந்துவிட்டு, ஒருநாள் இப்படிப் பேசினார் என்று அனுப்புவது என்ன நியாயம் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் கூப்பர் விஷயத்தில் நடுவர் செய்தது சரியென்றே நினைக்கிறேன்.

வடக்குக்காரர் என்பதால்தான் தெற்கில் சிலருக்குப் பிடிக்கவில்லை என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு. வடக்கில் கேலிக் ஆட்டம் வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் ஐரிஷ் அடையாளத்தை வெளிப்படையாகப் பிடித்துக்கொள்ளும் இடமாக அந்தக் கிளப்புகள் இருந்தன. 1981 உண்ணாவிரதப் போராட்டத்தில் சிறையில் உயிர்விட்ட கெவின் லிஞ்ச் டங்கிவன்காரர். ஊரின் ஹர்லிங் (மட்டையால் ஆடும் இன்னொரு கேலிக் ஆட்டம்) கிளப்புக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. வட அயர்லாந்துக் காவல்துறையினரும் பிரிட்டிஷ் ராணுவத்தினரும் சங்கத்தில் சேரக் கூடாது என்ற விதி 2001 வரை இருந்தது. பிராலியின் தந்தை ஃபிரான்சி நாட்டுப்புறப் பாடகர், பின்னாளில், ஒன்றுபட்ட அயர்லாந்து கோரும் ஷின் ஃபெய்ன் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது குரலில் சூடு கூடத்தான் செய்யும்.

தெற்கில் ஒரு சாராருக்கு இந்தச் சூடு சலிப்பு. "எல்லாவற்றிலும் வடக்கை இழுக்கிறார்" என்பார்கள். வடக்கில் ஒரு சாராருக்கு, நமக்காகக் கூச்சமில்லாமல் பேச ஒருவராவது இருக்கிறார் என்ற நிறைவு. ஆனால் வடக்கே முழுவதும் அவர் பக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். டைரோன்காரர்களைப் பற்றி மேலே சொன்னேன், டைரோனும் வடக்குதான்.

பாட்காஸ்டில் விளையாட்டைவிட அரசியல்தான் அதிகமாமே?

ஆம். பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. 1922இல் தெற்கில் உருவான அரசின் பெயர் ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட். அந்தப் பெயர் சட்டத்தில் எப்போதோ போய்விட்டது. ஆனால் வடக்குக்காரர்கள் தெற்கைக் கொஞ்சம் குத்தலாக இன்றும் அப்படித்தான் அழைப்பார்கள், எங்களை விட்டுவிட்டுப் போனவர்களே என்ற தொனியில். ஒரு வடக்குக்காரரும் ஒரு தெற்குக்காரரும் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரை வைத்தது நல்ல குறும்பு.

2021இல் ஆர்டிஇயின் ஒரு விவாதத்தில், அயர்லாந்து ஒன்றிணைவது பற்றிய பேச்சின்போது, ஐரிஷ் மொழியையும் ஆட்டங்களையும், பிரிட்டனோடு இருக்க விரும்பும் எதிர்த்தரப்பு ஏளனம் செய்கிறது என்று அவர் பேசத் தொடங்கியதும் நிகழ்ச்சி அவரைத் துண்டித்துவிட்டு நகர்ந்தது. சொந்தமாக ஒலிவாங்கி வைத்திருந்தால் யாரும் துண்டிக்க முடியாது. பாட்காஸ்டின் கவர்ச்சி அதுதான், ஆபத்தும் அதுதான். தொலைக்காட்சியில் "போதும் ஜோ" என்று சொல்ல லிஸ்டர் இருந்தார். இங்கே ஃபேனிங் இருக்கிறார். அவர் அணைபோடுவதைவிட, கேள்வி கேட்டு மேலும் இழுத்துவிடுவதில் வல்லவர். ஆட்டத்துக்காக வந்த பழைய ரசிகர்கள் சிலர் விலகிவிட்டார்கள். அரசியலுக்காக வந்த புதியவர்கள், 1993 கதைகள் தொடங்கியதும் வேகமாகத் தள்ளிவிட்டுக் கேட்கிறார்கள்.

ஆட்டம் மட்டும் போதும் என்றால் யாரைக் கேட்பது? பார்க்கின்சன் என்று ஒருவர் பெயர் சொன்னார்களே?

காலம் பார்க்கின்சன். செல்லப்பெயர் 'வுல்லி'. லீஷ் கவுன்டிக்கு ஆடியவர். 1946க்குப் பிறகு முதன்முறையாக 2003இல் லீஷ் லென்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தவர். முதலில் 'தி ஜிஏஏ அவர்', பிறகு 'ஸ்மாலர் ஃபிஷ்' என்ற பாட்காஸ்டுகளை நடத்தியவர். ஆடைமாற்றும் அறையின் பேச்சு அப்படியே காதுக்கு வரும். கிண்டல், பயிற்சி இரவுகளின் அலுப்பு, சிறு கவுன்டிகளின் புலம்பல். அவருடைய சிரிப்பையும் குறுக்கிடும் பழக்கத்தையும் சகிக்க முடியாதவர்கள் உண்டு. ஆனால் அவர் பேச்சுக்காக யாரும் இரவில் தூக்கம் கெட்டதில்லை.

இருவரையும் ஒப்பிட வேண்டுமானால்: பார்க்கின்சனைக் கேட்பது ஆட்டம் முடிந்து நண்பர்களோடு டீக்கடையில் உட்கார்வது. பிராலியைக் கேட்பது பட்டிமன்றத்துக்குப் போவது.

எல்லாரையும் இப்படித் திட்டுகிறவரை நல்ல மனிதர் என்றும் சிலர் சொல்கிறார்களே, எப்படி?

2012இல் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார், அதனால். பெல்ஃபாஸ்டில் அவர் குழந்தைகள் ஆடிய புனித பிரிஜிட் கிளப்பில் சிறுவர்களுக்குப் பயிற்சி தந்த இன்னொரு தந்தைக்கு. உறவில்லை, நீண்ட கால நட்பும் இல்லை. மைதான ஓரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்குச் சிறுநீரகம் தேவை என்று தெரியவந்தது. என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அறுவை நடந்தது. வருத்தம் என்னவென்றால், பொருத்தப்பட்ட சிறுநீரகம் நிலைக்கவில்லை. சில நாட்களிலேயே அகற்ற வேண்டியதாயிற்று.

அதோடு விட்டுவிடாமல், உறுப்பு தானத்தில் மறுப்புத் தெரிவிக்காத எல்லாரையும் இசைவு தந்தவர்களாகக் கொள்ள வேண்டும் என்று பல ஆண்டுகள் பிரசாரம் செய்தார். வட அயர்லாந்தில் 2023இல் அப்படியொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பலர் பாடுபட்டார்கள், அவர் அதில் ஒருவர். பிராலியைக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "அது சரி, அதை மறுக்க முடியாது" என்பார்கள். ஒரு மிடறு தேநீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள்.

பணத்தை எதிர்ப்பார், பணத்துக்குப் பேசுவார். வீரர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பார், வீரர்களையே கிழிப்பார். இந்த முரணை ரசிகர்கள் எப்படி ஏற்கிறார்கள்?

பலர் ஏற்பதில்லை. 2014இல் சங்கம் சில ஆட்டங்களை ஸ்கை என்ற கட்டணத் தொலைக்காட்சிக்கு விற்றபோது, ஊருக்காக இலவசமாக ஆடப்படும் ஆட்டத்தை ஊர் பெரியவர்கள் காசு கட்டியா பார்ப்பது என்று பிராலி பொங்கினார். கிராமத்து வீடுகளில் அந்தக் குரலுக்கு இருந்த ஆதரவு சாதாரணமானதல்ல. அப்போதே எதிர்க்கேள்வியும் வந்தது: நீங்களும் ஒரு தொலைக்காட்சியிடம்தானே சம்பளம் வாங்குகிறீர்கள்?

வழக்கறிஞர் புத்தி என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இன்றைக்கு எடுத்த வழக்கில் ஜெயிக்க வேண்டும். போன மாதம் எதிர்த்தரப்புக்கு வாதாடியது இன்றைக்குக் கணக்கில்லை. இது பாதியைத்தான் விளக்குகிறது. நான் நினைப்பது வேறு. சம்பளம் வாங்கும் விளையாட்டில் வீரன் தொலைவில் இருப்பவன். திட்டினாலும் அது வானத்தைப் பார்த்துத் திட்டுவது. இங்கே வீரன் பக்கத்து வீட்டுக்காரன். பக்கத்து வீட்டுக்காரனை மனிதர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் பிராலி பேசுகிறார்: அவனுக்கு ஒன்று என்றால் சிறுநீரகம் கொடுப்பார்கள், வேலி ஓரம் அவன் செய்தது பிடிக்காவிட்டால் தெரு கேட்கக் கத்துவார்கள். மைதான ஓரத்துப் பேச்சை நாடு முழுக்க ஒலிபரப்பினால் அது எவ்வளவு வலிக்கும் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுத்ததில்லை. கேவனா விவகாரத்தில் நடந்தது அதுதான்.

நான் அவரைப் பிடிக்கும் என்று அலுவலகத்தில் சொல்லலாமா?

எதிரில் இருப்பவர் எந்தக் கவுன்டி என்று முதலில் விசாரியுங்கள். டைரோன், கேவன் என்றால் பேச்சை வானிலைக்கு மாற்றுங்கள். கெரி என்றால் டானஹியின் வரியைச் சொல்லிவிடுங்கள். அன்று முழுவதும் உங்களுக்கு நண்பர். டப்ளின்காரர்கள் பொதுவாகச் சிரித்துக்கொள்வார்கள், ஆறு பட்டங்களை வரிசையாக வென்றவர்களுக்குச் சிரிக்க என்ன கஷ்டம். டெரிக்காரர் என்றால் அவசரப்படாதீர்கள். "எங்கள் ஜோ" என்று தொடங்கிவிட்டு, அடுத்த பத்து நிமிடம் அவர்தான் யாரையும்விட அதிகமாகத் திட்டுவார். நீங்கள் அதில் சேர்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னால் முகம் மாறிவிடும்.

கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் அவர் பேச்சு வேகமாக இருக்கிறதே, பாதி புரியவில்லை?

டெரி உச்சரிப்பு அப்படித்தான். ஐந்தாறு நிகழ்ச்சியில் காது பழகிவிடும். ஜூலை மாதத்து நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்குங்கள், அப்போதுதான் ஆட்டப் பேச்சு அதிகம். 'வீ' என்று அடிக்கடி வரும், சின்ன என்று பொருள். பெரிய ஆளையும் வீ என்பார்கள், குழம்ப வேண்டாம். 'சாம்' என்று யாரையோ பெயர் சொல்லிப் பேசுவது போல இருந்தால், அது ஆளில்லை, சாம் மக்வயர் கோப்பை. அனைத்து அயர்லாந்துப் பட்டத்துக்குத் தருவது. சாம் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தது 1993இல் என்று டெரிக்காரர்கள் சொல்வதைக் கேட்டால், வெளிநாடு போன பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று தோன்றும்.